ஒரு ஸாஉ எத்தனை கிலோ?

ரமளானின் கடைசிப் பத்து நாள்களில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகையில் ஓர் அளவு எழுதப்படும். ஓர் ஊரில் தலைக்கு இரண்டரைக் கிலோ அரிசி. பக்கத்து ஊரில் 1 கிலோ 633 கிராம் கோதுமை அல்லது அதன் விலை. இன்னொரு ஜமாஅத்தில் மூன்று கிலோ அரிசி. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஃபித்ரா தர்மத்தின் அளவு அது. தொட்டில் பிள்ளை முதல் படுக்கையில் கிடக்கும் முதியவர் வரை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் குடும்பத் தலைவர் அதைக் கொடுத்தாக வேண்டும். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டிலிருந்து கடமை ஒன்றேதான். அளவு மட்டும் பலகைக்குப் பலகை மாறுகிறது.

இதற்கு யாருடைய அலட்சியமும் காரணம் அல்ல. நபிகள் நாயகம் சொன்னது எடையே அல்ல, ஒரு பாத்திரத்தின் கொள்ளளவு. பேரீச்சம்பழமானால் ஒரு ஸாஉ, வாற்கோதுமையானால் ஒரு ஸாஉ, உலர்திராட்சையானாலும் காய்ந்த பாலாடைக்கட்டியானாலும் அதே ஒரு ஸாஉ. இப்படி முகத்தலளவையில் பிறந்த கட்டளையை நிறுத்தலளவைக்கு மாற்றப் புகுந்தால் முதல் அடியிலேயே சிக்கல்: எதைப் போட்டு நிறுப்பது? ஒரே பாத்திரம் கோதுமையால் நிறையும்போது ஓர் எடை காட்டும், வாற்கோதுமையால் நிறையும்போது அதைவிடக் குறைவாகக் காட்டும். பேரீச்சம்பழம் என்றால் அமுக்கி வைப்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு படி அரிசியையும் ஒரு படி அவலையும் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் சமையலில் அளவு பிசகினால் பண்டம் கெடுவதோடு போயிற்று. இங்கே கேள்வி அதைவிடப் பெரியது: இறைவன் கேட்டதைக் கொடுத்தாயிற்றா, இல்லையா?

அபூ தாவூத், நஸாயீ தொகுப்புகளில் உள்ள ஒரு நபிமொழி, எடைக்கு மக்காவாசிகளின் எடையையும் முகத்தலுக்கு மதீனாவாசிகளின் அளவையையும் ஆதாரமாக வைக்கச் சொல்கிறது. மக்கா வணிகர்களின் ஊர். அங்கே வெள்ளியும் பொன்னும் தராசில் ஏறி இறங்கின. மதீனா பேரீச்சந்தோப்புகளின் ஊர். அங்கே விளைச்சலைப் பாத்திரத்தால் அளந்தார்கள். பொன், வெள்ளிக்கான ஸகாத் என்ற கட்டாயக் கொடை எடைக் கணக்கிலும் ஃபித்ரா முகத்தல் கணக்கிலும் அமைந்தது இப்படித்தான். எந்த அளவு எந்த ஊரின் கையில் பழகியதோ, அதை அந்த ஊரே காத்து வைத்திருக்கும் என்ற நம்பிக்கை இதில் தெரிகிறது.

ஒரு ஸாஉ என்பது நான்கு முத். ஒரு முத் என்பது நடுத்தரமான மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்ளும் அளவு. பெரிய கையும் அல்ல, சிறிய கையும் அல்ல. அள்ளும்போது விரல்களை ஒரேயடியாக விரிக்கவும் கூடாது, இறுக்கவும் கூடாது. நபிகளின் பாத்திரம் எல்லா ஊரிலும் கிடைக்காது, கை எல்லா ஊரிலும் இருக்கும் என்பதால் மாறாத அளவை இதுதான் என்று தாவூதி என்ற அறிஞர் எழுதினார். 1415இல் மறைந்த ஃபைரூஸாபாதி, தம்முடைய புகழ்பெற்ற அரபு அகராதியில் இந்தக் கருத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, தாமே செய்து பார்த்ததாகவும் அது சரியாக வந்ததாகவும் குறித்து வைத்தார். அகராதி எழுத உட்கார்ந்தவர் பொருள் எழுதியதோடு விடாமல், எழுந்து போய்த் தானியத்தை அள்ளிப் பார்த்திருக்கிறார். இந்த நெடிய விவாதத்தில் மனம் நெகிழ வைக்கும் இடங்களில் இது ஒன்று.

கைக்குச் சாட்சி கை. பாத்திரத்துக்குச் சாட்சி யார்? கூஃபாவில் அபூ ஹனீஃபாவின் வழியினரான ஹனஃபிகள், ஒரு ஸாஉ என்பது ராத்தல் என்ற அக்கால எடைக் கணக்கில் எட்டு ராத்தல் என்று கொண்டிருந்தார்கள். மதீனாவில் அது ஐந்தே மூன்றிலொரு ராத்தல். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அபூ ஹனீஃபாவின் மாணவரும் ஹாரூன் அல் ரஷீதின் தலைமை நீதிபதியுமான அபூ யூசுஃப் மதீனா போனபோது இதைக் கேட்டார். ஆதாரம் என்ன என்றார். மறுநாள் வாருங்கள் என்றார்கள். மறுநாள் சுமார் ஐம்பது முதியவர்கள் வந்தார்கள். மக்காவிலிருந்து குடிபெயர்ந்த முஹாஜிர்களின் பிள்ளைகள், அவர்களை வரவேற்ற மதீனாவாசிகளான அன்ஸாரிகளின் பிள்ளைகள். ஒவ்வொருவர் மேலாடைக்குள்ளும் ஒரு ஸாஉ இருந்தது. தந்தை வழியாக, குடும்பத்தார் வழியாக வந்தது, நபிகள் காலத்து அளவு இது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அபூ யூசுஃப் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. அளந்தால் ஐந்தே மூன்றிலொரு ராத்தல், அதிலும் ஒரு மயிரிழை குறைவு. தம் ஆசிரியரின் கருத்தை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட்டு மதீனாவின் அளவை ஏற்றுக்கொண்டார் என்பது நபிமொழித் தொகுப்பாளர் பைஹகீ பதிவு செய்துள்ள செய்தி.

நூல்களில் தேடாமல் ஐம்பது வீடுகளின் சமையலறையில் விடை கிடைத்தது இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு பாத்திரம் தேய்ந்திருக்கலாம், ஒருவர் நினைவு தவறியிருக்கலாம். ஐம்பதும் ஒரே பக்கம் தவறுவது கடினம். ஆனாலும் ஹனஃபி வழியினர் எட்டு ராத்தலைக் கைவிடவில்லை. அவர்களில் சிலர் கொடுத்த விளக்கம் கூர்மையானது. இஸ்தார் என்ற சிற்றெடையில் பாக்தாத் ராத்தலுக்கு இருபது இஸ்தார், மதீனா ராத்தலுக்கு முப்பது இஸ்தார். எட்டை இருபதால் பெருக்கினால் நூற்றறுபது. ஐந்தே மூன்றிலொன்றை முப்பதால் பெருக்கினாலும் நூற்றறுபது. பாத்திரம் ஒன்றுதான், நிறுத்த கல்தான் வேறு என்கிறார்கள். இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை.

பாத்திரத்தை எடைக்கு மாற்றும் வேலையை அறிவியல் சோதனைக்கு உரிய கவனத்தோடு செய்தவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (மறைவு 855). தாம் வைத்திருந்த ஸாஉ யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரிசையை முதலில் சொல்கிறார்: அபுந் நள்ரிடமிருந்து தமக்கு, அவருக்கு மதீனாவின் இப்னு அபீ திஃபிடமிருந்து. ஒரு நபிமொழியை அறிவிப்பாளர் தொடரோடு சொல்வதுபோல் ஒரு பாத்திரத்தையும் தொடரோடு சொல்கிறார். பிறகு அதில் போட்டு நிறுக்க அவர் தேர்ந்தெடுத்தது மைசூர்ப்பருப்பு. பாத்திரத்தில் இடைவெளி விடாமல் படிந்து உட்காரும் தானியம் அதுவே என்று கண்டதாகச் சொல்கிறார். நிறுத்தால் ஐந்தே மூன்றிலொரு ராத்தல்.

எதிர்முகாமும் பருப்பிடம்தான் வந்தது. ஹனஃபி நூல்கள், 1836இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு ஆபிதீன் உரை எழுதிய நூல் உட்பட, ஸாஉவை இப்படி வரையறுக்கின்றன: 1,040 திர்ஹம் எடையுள்ள பாசிப்பயறோ மைசூர்ப்பருப்போ கொள்ளும் பாத்திரம். ஏன் இந்த இரண்டும்? மற்ற தானியங்கள் பருமனாகவோ சிறுத்தோ, கனத்தோ லேசாகவோ விளையும். இவற்றில் மட்டும் எடையும் கொள்ளளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பது அவர்கள் அனுபவம். நபிகள் சொன்ன உணவுப் பட்டியலில் பயறும் இல்லை, பருப்பும் இல்லை. தர்மமாகக் கொடுப்பதற்காக அல்லாமல், சாட்சி சொல்வதற்காக மட்டும் அவை இந்தச் சட்டத்துக்குள் நுழைந்தன.

இந்த முயற்சிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இமாம் நவவீ (1233–1277) ஓர் எச்சரிக்கை வைத்தார். ஸாஉவை ராத்தலில் சொல்வது சிக்கலானது. நபிகள் காலத்தில் கொடுக்கப் பயன்பட்டது தெரிந்த ஒரு பாத்திரம், அதன் எடை உள்ளே போடும் பொருளைப் பொறுத்து மாறும். ஆகவே பாத்திரத்தையே நம்ப வேண்டும். அது கிடைக்காதபோது, குறையவில்லை என்று உறுதியாகத் தெரியும் அளவு கொடுக்க வேண்டும். தாரிமீ என்ற முந்தைய ஷாஃபி சட்டவழி அறிஞரின் கருத்தை எடுத்து அவர் ஆதரித்த நிலை இது. எடை வெறும் தோராயம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

நவவீயின் சொல்லில் உள்ள நேர்மை இன்றைய பலகைகளுக்குத் தேவைப்படுகிறது. 1 கிலோ 633 கிராம் என்ற எண்ணைப் பார்ப்பவர் அது வானத்திலிருந்தே மூன்று தசம இடங்களோடு இறங்கியது என்று எண்ணக்கூடும். அதன் வேர் வரை போனால் தெரிவது வேறு. ராத்தலைத் திர்ஹமில் சொன்னார்கள்: நவவீ கணக்கில் ஒரு பாக்தாத் ராத்தலுக்கு 128 திர்ஹமும் ஏழில் நான்கு பங்கும். அவருக்கு முந்தைய ஷாஃபி அறிஞர் ராஃபியீ சொன்னது 130. திர்ஹமை எதில் சொன்னார்கள்? வாற்கோதுமை மணியில். நடுத்தர அளவு, உமி நீக்காதது, இரு முனையிலும் நீண்டிருக்கும் வால் நறுக்கப்பட்டது, அப்படி ஐம்பதும் ஐந்தில் இரண்டும் சேர்ந்தால் ஒரு திர்ஹம். தானியத்தை அளக்கப் பாத்திரம், பாத்திரத்தை அளக்க எடை, எடையை அளக்க மறுபடியும் தானியம். வட்டம் முழுமையாகிவிட்டது.

இன்றைய கருத்து வேறுபாடு பாதி இந்த வட்டத்திலிருந்தே வருகிறது. சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் ஸாஉவை நல்ல கோதுமையில் 2,040 கிராம் என்றார். மிஸ்கால் என்ற பழைய பொன் நாணய எடையில் 480 மிஸ்காலை 4.25 கிராமால் பெருக்கிய விடை அது. யூசுஃப் அல் கர்ளாவி ஸகாத் பற்றிய தம் பெரிய நூலில் 2,176 கிராம் என்றார். அவர் ராத்தலுக்கு 408 கிராம் வைத்தார். இருவரும் ஏற்றது அதே ஐந்தே மூன்றிலொரு ராத்தல்தான். பழைய நாணய எடையைக் கிராமுக்குக் கொண்டுவந்த விதம் மட்டும் வேறு. அந்தச் சின்ன வித்தியாசம் ஓர் ஏழையின் பாத்திரத்தில் 136 கிராமாக வந்து நிற்கிறது.

இந்தியாவில் இதைக் கையால் சோதித்தவர் பரேலியின் அகமத் ரஸா கான் (1856–1921). கோதுமையானால் அரை ஸாஉ போதும் என்பது அவர் பின்பற்றிய ஹனஃபி வழி. ஹிஜ்ரி 1327, ரமளான் 27ஆம் நாள், அதாவது 1909இல், வாற்கோதுமைக்கு அளவெடுத்த ஓர் அரை ஸாஉ பாத்திரத்தை எடுத்தார். அது கொள்ளும் வாற்கோதுமை 144 ரூபாய் நாணயங்களின் எடை. அதே பாத்திரத்தில் கோதுமையைப் போட்டு, மேலே தலைதட்டிச் சமமாக்கி நிறுத்தார். 175 ரூபாய் எட்டணா எடை வந்தது. இந்தக் கணக்கின்படி அரை ஸாஉ கோதுமை இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. 1 கிலோ 633 என்று சொல்லும் மற்ற ஹனஃபி ஜமாஅத்துகளுக்கும் அவர் வழியினருக்கும் இன்று உள்ள இடைவெளி இங்கே தொடங்குகிறது. அவர் சோதனை எவ்வளவு கவனமானது என்பதற்கு எதிர்பாராத இடத்தில் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்கத் தானிய வணிகத்தில் ஒரு புஷல் கோதுமைக்கு 60 பவுண்டு, ஒரு புஷல் வாற்கோதுமைக்கு 48 பவுண்டு என்று எடை நிர்ணயித்திருக்கிறார்கள். விகிதம் ஒன்றேகால். அகமத் ரஸா கானுக்குக் கிடைத்த விகிதம் 1.22. தானியத்துக்குத் தானியம் ஈரப்பதம் மாறும் என்று எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன.

தெய்வக் காரியத்துக்கு அளக்கும் பாத்திரத்தின் மீது இத்தனை அக்கறை வேறு இடங்களிலும் இருந்தது. முதலாம் ராஜராஜன் தஞ்சையில் எழுப்பிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லை ஆடவல்லான் என்று இறைவன் பெயர் சூட்டிய மரக்காலால் அளக்கின்றன, அது ராஜகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்றும் சேர்த்துச் சொல்கின்றன. ஐந்துக்கு இரண்டு என்ற விகிதத்தில் நெல்லை அரிசியாகக் கணக்கிடுவதையும் சோழர் காலக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். குத்தினால் எவ்வளவு தேறும் என்ற தகராறு அமுதுபடியில் வந்துவிடக் கூடாது என்று விகிதத்தையே கல்லில் வெட்டிவிட்டார்கள்.

யூதர்களிடம் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. ரொட்டி மாவு பிசையும்போது அதில் ஒரு துண்டைப் பிரித்தெடுப்பது அவர்களின் வேதக் கடமை. முன்பு அது குருமார்களுக்குப் போனது. இப்போது எரித்துவிடுகிறார்கள். எவ்வளவு மாவு இருந்தால் இந்தக் கடமை வரும்? நாற்பத்து மூன்றே ஐந்திலொரு முட்டையின் கன அளவு மாவு. எந்த முட்டை? பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இதன்மீது வாதம் உண்டு. ரபி யூதா, இருப்பதிலேயே பெரிய முட்டையையும் சிறிய முட்டையையும் தண்ணீரில் போட்டு, வழியும் நீரை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். எது பெரியது, எது சிறியது என்று எனக்கு யார் சொல்வது என்று கேட்டார் ரபி யோசே. பார்ப்பவரின் மதிப்பீடே போதும் என்பது அவர் முடிவு. 18ஆம் நூற்றாண்டில் பிராகா நகரத்து ரபி எஹெஸ்கேல் லாண்டாவ், கட்டைவிரல் அகலக் கணக்கிலும் முட்டைக் கணக்கிலும் அளந்து பார்த்தபோது இரண்டும் ஒத்துவரவில்லை. தம் காலத்து முட்டைகள் பழைய காலத்தவற்றில் பாதியாகச் சிறுத்துவிட்டன என்றே முடிவு செய்தார்.

அந்த ஐயம் 20ஆம் நூற்றாண்டில் கிராம் கணக்காக மாறியது. எருசலேமின் ரபி ஹாயிம் நாஏ முட்டைக்கு 57.6 மில்லிலிட்டர் வைத்தார். ஹஸோன் ஈஷ் என்று அறியப்பட்ட ரபி கரேலிட்ஸ் வழியில் 100 மில்லிலிட்டர். மாவை எடையாக்கினால் முதல் கணக்கில் 1 கிலோ 666 கிராம், இரண்டாவதில் இரண்டேகால் கிலோ. இந்தக் குழப்பத்துக்கு அவர்களின் வீடுகளில் கண்ட தீர்வு மிக அழகானது. மாவு ஏறத்தாழ 1,230 கிராமைத் தாண்டினாலே துண்டைப் பிரித்தெடுத்துவிடுவார்கள், ஆனால் அதற்கான ஆசிமொழியைச் சொல்ல மாட்டார்கள். கடமை ஒருவேளை வந்திருக்கலாம் என்பதால் செயல் நடக்கிறது. வராமலும் இருந்திருக்கலாம் என்பதால் இறைவன் பெயரை வீணே உச்சரிப்பதில்லை. உறுதியான எடையை எட்டிய பிறகே ஆசிமொழி. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமலும், தெரியவில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நழுவாமலும் இருக்க இதைவிட நல்ல வழி கிடைப்பது அரிது.

இறைவனுக்கு இந்தக் கிராம்கள் முக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. மனம்தானே வேண்டும், அளவு எதற்கு என்பார்கள். ஆனால் ஃபித்ரா இறைவனின் வாய்க்குள் போவதில்லை. பெருநாள் காலையில் ஒரு வீட்டு அடுப்பில் ஏறுகிறது. அளவு குறைந்தால் குறைவது அந்தப் பானையில்தான். மக்களிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது முகத்தலிலும் நிறுத்தலிலும் குறைத்துக் கொடுப்பவர்களைக் குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடக்கத்திலேயே கடுமையாகக் கண்டிக்கிறது. கடைக்காரருக்கு மட்டும் சொன்னதாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. தர்மம் கொடுப்பவரும் ஒரு கையால் அளப்பவர்தான்.

ஆகவே மாற்றும்போது வரும் பிழையைத் தவிர்க்க முடியுமா என்பதைவிட, அந்தப் பிழையை யார் சுமப்பது என்பதே இங்கே உண்மையான சமயக் கேள்வி. நவவீ சொன்ன 'குறையவில்லை என்று உறுதியாகத் தெரியும் அளவு' அதைக் கொடுப்பவரின் தோளில் வைக்கிறது. தமிழகக் கடற்கரை ஊர்களின் ஷாஃபி வழியினருக்கு ஊரின் முக்கிய உணவான அரிசியையே கொடுப்பது முறை. கர்ளாவி சொன்ன கொள்ளளவு 2.75 லிட்டர். அரிசி லிட்டருக்கு ஏறத்தாழ 800 கிராம் நிற்கும். பெருக்கினால் 2 கிலோ 200 கிராம். பலகையில் இரண்டரை என்று எழுதுபவர் கணக்கில் தவறவில்லை. புழுங்கலரிசியா பச்சரிசியா, பாத்திரத்தைத் தலைதட்டுவதா கோபுரமாக விடுவதா என்ற ஐயங்கள் அத்தனையையும் கூடுதல் 300 கிராமில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு மாற்றமும் உண்டு. அது தராசில் நடப்பது அல்ல, சந்தையில் நடப்பது. முஆவியா (ஆட்சி 661–680) கலீஃபாவாக மதீனா வந்தபோது, சிரியாக் கோதுமை இரண்டு முத், பேரீச்சம்பழம் ஒரு ஸாஉவுக்கு ஈடாகும் என்று மேடையில் சொன்னார். கோதுமை அங்கே விலை கூடியது. மக்கள் ஏற்றார்கள். அரை ஸாஉ கோதுமை என்ற கணக்குக்கு இதுவும் ஓர் ஆதாரம். நபித்தோழர் அபூ ஸயீத் அல் குத்ரீ ஏற்கவில்லை. உயிரோடு இருக்கும் வரை, முன்பு கொடுத்த முழு அளவையே கொடுப்பதாகச் சொன்னார். கொள்ளளவு எடையாக மாறினால் பாத்திரத்தின் நினைவாவது மிஞ்சும். விலையாக மாறினால் அதுவும் போய்விடும் என்று அவர் அஞ்சினாரோ என்னவோ. ஆனால் நபிகள் காலத்து அளவிலிருந்து நகர மறுத்தது மட்டும் திட்டவட்டம்.

அந்த அச்சம் வீண் அல்ல. விலை அன்றைய விலையாகவே நிற்காது. ஒரு காலத்தில் உயர்ந்த உணவாக இருந்து பாதி அளவே போதும் என்றிருந்த கோதுமை, இன்று இந்தியச் சந்தையில் பேரீச்சம்பழத்தைவிடவும் உலர்திராட்சையைவிடவும் மலிவு. பாதி அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. விலையாகக் கொடுக்க அனுமதிக்கும் ஹனஃபி ஜமாஅத்துகள் பல, ஃபித்ரா அறிவிப்பில் நான்கு வரிசை போடுகின்றன: கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உலர்திராட்சை. முதல் வரிசையில் அரை ஸாஉவின் விலை, மற்ற மூன்றிலும் முழு ஸாஉவின் விலை. கடைசி வரிசைத் தொகை முதல் வரிசையைப் போல் பல மடங்கு. நான்கில் எதைக் கொடுத்தாலும் கடமை நிறைவேறும் என்று கீழே ஒரு குறிப்பு இருக்கும். வசதி உள்ளவர்கள் மேல் வரிசையோடு நிறுத்திக்கொள்ளாமல் பேரீச்சம்பழ வரிசைக்கோ திராட்சை வரிசைக்கோ வர வேண்டும் என்று இமாம்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். பெரும்பாலானோர் கொடுப்பது இன்னமும் கோதுமைக் கணக்கில்தான்.